குருவிநத்தத்து வெயில், காலை எட்டு மணிக்கு

"…அப்போ கோழிக்குஞ்சாட்டம் லைட்டு முன்னால ஒக்காந்துகினு இருக்கியா தம்பி?" என்று வீடியோ காலில் சிரித்தார் எங்கள் ஊர் குருவிநத்தத்திலிருந்த என் அண்ணி.

பாரிஸுக்கு வடக்கே நானிருக்கும் ஊரில் ஜனவரியில் காலை எட்டு மணிக்கும் இருட்டுதான். விடிந்தாலும் சாம்பல் நிறம். வெளிச்சம் குறைந்தால் இங்கே பலருக்கு மனசு படுத்துவிடுகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தினமும் அரைமணி நேரம், வெயில்போல வெளிச்சம் தரும் இந்த விளக்கின் முன் உட்காரச் சொல்லி டாக்டரம்மா சீட்டெழுதிக் கொடுத்தார். வானம் மப்படித்ததையும் ஒரு காரணமாக மதிக்கும் அந்த வைத்தியத்தை மெச்சத்தான் வேண்டும். "கூட யார் இருக்கிறார்கள்?" என்று அவர் கேட்டபோது மட்டும், ஊரிலிருக்கும் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள் என்று ஒப்பித்துவிட்டேன். நம்மூரில் அந்தக் கேள்விக்கு யார் வேறு பதில் சொல்வார்கள்? குடும்பத்தோடு வசிப்பதாக எழுதிக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

எங்கள் பக்கம் ஆளை அமுக்குவது மழை. ஒரு வருஷம் அறுப்புக்கு நின்ற நெல் அடைமழையில் சாய்ந்து முளைவிட்டது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணி முதலில் வீட்டிலிருந்த பூச்சிமருந்தையெல்லாம் எதிர்வீட்டு வள்ளியக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஏனென்று கேட்கவில்லை. பயிர் போன மழைநாட்களில் எங்கள் தெருப் பெண்கள் அப்படி வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். பிறகு அண்ணனெதிரே உட்கார்ந்து, "செத்துடலாம்னு தோணுதா உனுக்கு? தோணுனா வாயத் தொறந்து சொல்லுய்யா" என்றார். இப்படிக் கேட்பதே அந்த நினைப்பைக் கிளப்பிவிடுமோ என்று நான் நடுங்கினேன். அண்ணன் அழுதார். அழுத பிறகு பேசினார். மறுநாள் இருவரும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இப்போது சிரிப்பு அடங்கியதும் அண்ணி அதே குரலில் கேட்டார்.

"தம்பி, உனுக்கும் அப்பிடி தோணுதா?"

"சில நாளு, அண்ணி."

"நீ தனியா கெடக்குறது அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கம்பெனி போன் இருக்குதுல்ல, அதுல கூப்ட்டு சொல்லு."

"எட்டரைக்குத்தான் எடுப்பாங்க."

"எடுக்கட்டும். அதுவரிக்கும் இதை கட் பண்ணாத."

"ஒங்களுக்கு வேலை கெடக்குதே அண்ணி."

"வேலை இன்னா ஓடியா போவுது?"

அங்கே அப்போது நடுப்பகல்; அண்ணியின் முன்னால் தார்ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கவிழ்த்த கூடையொன்றில் போனைச் சாய்த்து, உச்சிவெயில் முழுக்க எனக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். பிறகு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே அந்தக் கோடிவரை நடந்தார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் குனிந்து, விளக்கின் முன் நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனார்.