அவனிடம் எப்படிச் சொல்வது

எங்கள் காத்திவாக்கம் பக்கத்தில் அரிக்கிறது என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. அதில் ஆலைச் சாம்பலும் எண்ணெயும் கலந்து வரும், தொடையெல்லாம் தடித்துப் போகும். அதனால் உப்பு, புளி மாதிரி அரிப்புக் களிம்பும் வீட்டில் எப்போதும் இருக்கும். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். அப்பா, அம்மா, நான் எல்லோருக்கும் ஒரே டியூப்தான்.

பத்தொன்பது வயதில், கல்லூரியில் படிக்கும்போது, எனக்குச் சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில் அரிப்பு வந்தது. நான் என்ன செய்தேன்? அந்தக் களிம்பையே எடுத்துப் பூசினேன். எங்கள் ஊர்க்காரி புத்தி வேறு எப்படிப் போகும்! ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூசப் பூச எரிச்சல்தான் ஏறியது. பாத்ரூம் போனால் உயிர் போய் உயிர் வந்தது.

உள்ளுக்குள் இன்னொரு பயமும் இருந்தது. அப்போது எனக்கு ஒரு காதலன். கன்டெய்னர் யார்டில் வேலை, என்னைவிடச் சற்றுப் பெரியவன். நாங்கள் நெருங்கிப் பழகியிருந்தோம். ஆணுறை இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. பெரிய நோய் ஏதாவது வந்துவிட்டதோ, அவனிடம் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பானோ என்று பயந்து, அவன் போனை எடுப்பதையே நிறுத்தினேன்.

என்னோடு படித்த கொருக்குப்பேட்டைக்காரிதான் கண்டுபிடித்தாள். ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம்.

“இன்னாடி, பள்ளத்துல வண்டி எறங்கசொல்லோ மூஞ்சி இப்பிடிப் போவுது?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாதவ ஏன்டி ஒரு பக்கமாவே குந்திகினு வர?”

வண்டியை நிறுத்தி என்னை இழுத்து இறக்கினாள். சாலையோரம் ஒரு ஜூஸ் கடை பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். “அட, இதுக்கா? எனக்கும் வந்துச்சுடி” என்றாள். களிம்பு விஷயத்தைச் சொன்னதும்தான் கத்தினாள். “அத்தப் போயி அங்கயா பூசுவ, கூறு கெட்டவளே!” ஜூஸ் கடைக்காரர் பிழிந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். எனக்கு மானமே போனது. அவள் கவலைப்படவில்லை.

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு இட்டுப் போனாள். வரிசையில் நிற்கும்போது காதோடு சொன்னாள்: “டாக்டர் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு. நீ வெக்கப்பட்டா அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?” சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. சாதாரணப் பூஞ்சைத் தொற்று, யாருக்கும் வரும், களிம்புதான் புண்ணாக்கிவிட்டது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். உறையில்லாமல் இருந்ததால் இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, அவரையும் வரச் சொல் என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“அவன் கைல எப்பிடிடி சொல்றது?” என்றேன்.

“என் கைல சொல்லு. நான்தான் அவன்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் குரலைக் கட்டையாக்கிக் கேட்டாள்: “எவன் கூட சுத்தி வாங்கினு வந்த?” நான் அழுதுவிட்டேன். “அயுவாத. மறுபடியும்” என்றாள். “என்ன சந்தேகப்படுறியா?” என்று எகிறினாள். “உன்ன எங்கம்மா எப்பிடி ஏத்துக்கும்?” என்று குத்தினாள். கேடு கெட்ட கேள்வி எல்லாம் அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! பதில் சொல்லிச் சொல்லி என் குரல் உறுதியானது. “ரொம்ப எகிறினான்னா, போடா நீயும் உன் லவ்வும்னு வந்துகினே இரு” என்று அனுப்பி வைத்தாள். அந்தப் புண்ணியவதிக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

நானே போன் செய்து வரச் சொல்லி, திருவொற்றியூர் கடற்கரையில் அலை தடுக்கப் போட்ட கருங்கல்லில் அவனைச் சந்தித்தேன். வேலை முடிந்து கிரீஸ் கறையோடு வந்திருந்தான். இத்தனை நாள் நான் போனை எடுக்காததில் கோபமாக இருந்தான். நான் ஒரே மூச்சில் சொன்னேன். “எனக்கு இன்ஃபெக்‌ஷன். மருந்து சாப்புடறேன். நம்ப ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கணும். அதுவரைக்கும் ஒண்ணும் வேணாம். அதுக்கப்புறமும் உறை இல்லாம வேணாம்.”

நான் பதில்களை எல்லாம் வாயில் தயாராக வைத்திருந்தேன்.

“ரொம்ப எரியுதா?” என்று கேட்டான்.

இதை வேப்பமரத்தடியில் அவள் கேட்கவே இல்லையே! தலையை ஆட்டிவிட்டு ஓவென்று அழுதேன். அவன் கடலைப் பார்த்தபடி, “நான் ஒண்ணு சொல்லணும்” என்றான். “உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சு. சொன்னா போயிடுவியோன்னு சொல்லல. டெஸ்ட்டும் எடுத்தது இல்ல. நெனச்சா தூக்கம் வராது.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வாங்கிக்கொண்டான்.

“நாளைக்கே போலாம். ஊசின்னா எனக்கு பயம், பேஜாரு. நீ பக்கத்துல நிப்பியா?”

“நிக்கிறேன்” என்றேன். அதன் பிறகுதான் அவன் அழுதான்.