வெர்னா அடித்துப்போட்ட பன்னிரண்டு ஜூன்

வெர்னா தோர்சன் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுவிடுவார். பள்ளிப் பேருந்தை ஓட்டும்போது மட்டும் வேறு வழியில்லாமல் உட்காருவார். அந்தப் பேருந்தில் போய்ப் படித்தவள்தான் நானும். பின்சீட்டில் ஆரஞ்சுத் தோலை வீசியதற்காக, மைனஸ் முப்பது குளிரில் நடுரோட்டில் இறக்கிவிடுவதாக என்னை மிரட்டியிருக்கிறார். செய்யக்கூடிய ஆள்தான். அதனால் அப்புறம் நான் வீசவில்லை.

ஜூன் மாதம் வந்தால் சனி ஞாயிறுகளில் அவருக்கு வேறு வேலை. பல்கலைக்கழகத்துக்காகப் பறவை எண்ணுவார். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி, ஆற்றங்கரையிலிருந்து எங்கள் பொது மேய்ச்சல் நிலம் வரை நாற்பது இடங்களில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று கேட்பார். புல்வெளிப் பறவை கண்ணுக்குச் சிக்காது, குரல்தான் கணக்கு. படிப்பு என்று பார்த்தால் பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் இருபத்தாறு வருட நோட்டுப் புத்தகங்கள் அவர் கையெழுத்தில் இருந்தன. அங்கே வரும் டாக்டர் பட்டக்காரர்கள் எல்லாரும் அவற்றை வைத்துத்தான் பிழைத்தார்கள். வெர்னா எழுதினால் எழுதியதுதான் என்பார்கள்.

இந்த வருடம் மே மாதக் கடைசியில் பேருந்துப் படியில் வழுக்கி வலது காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு. பேருந்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், எண்ணிக்கையை விடுவதாக இல்லை. என்னை வண்டி ஓட்டச் சொன்னார்.

"வாயைத் திறக்கக்கூடாதுடி ட்ரூடி. கையை நீட்டக்கூடாது. அதோன்னு மூச்சுகூட விடக்கூடாது. என் காதுல விழுந்தது மட்டும்தான் நோட்டுல ஏறணும்."

"ஏன், நான் கேட்டா தீட்டா?"

"ஒரு வருஷம் ரெண்டு பேர் காது, அடுத்த வருஷம் ஒருத்தர் காதுன்னா, கூடினதும் குறைஞ்சதும் பறவையாலயா காதாலயான்னு எவனுக்குடி தெரியும்? உன் தொணதொணப்பையெல்லாம் வீட்டுல வச்சுட்டு வா."

பத்து நிறுத்தம் வரை ஒழுங்காகத்தான் இருந்தேன். பதினோராவது, எங்கள் மேய்ச்சல் நிலத்து வாசல். எஞ்சினை அணைத்ததும் முள்கம்பி வேலிப் பக்கமிருந்து வெட்டுக்கிளிச் சிட்டு கத்தியது. பெயருக்கேற்றபடி வெட்டுக்கிளி மாதிரியே மெல்லிய, கூரான இழுப்பு. ஒன்று நின்றதும் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. கைத்தடியை ஊன்றி நின்ற வெர்னா கண்ணை மூடிக் கேட்டார். ஐந்து நிமிடம் ஆனதும் பென்சிலை எடுத்து வானம்பாடி நான்கு, நீள்நகச் சிட்டு ஒன்று என்று எழுதினார். வெட்டுக்கிளிச் சிட்டுக்கு நேரே சுழியம்.

உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அடுத்ததில் கத்தவில்லை, அதற்கடுத்ததில் கத்தியது. அங்கேயும் சுழியம். நாற்பது நிறுத்தம் முடிவதற்குள் ஒன்பது இடங்களில் நான் கேட்டுவிட்டேன். ஒன்பது இடத்திலும் அவர் சுழியம்தான் போட்டார்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிட்டு இந்தப் பக்கத்தில் அற்றுப்போய்விட்டது, மாடுகள் புல்லை ஒட்ட மேய்ந்ததுதான் காரணமாக இருக்கும் என்று பல்கலைக்கழகத்து ஜோசெட் லாவல்லே அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். அது வந்தால் ஆகஸ்டில் நடக்கும் மேய்ச்சல் நிலக் கூட்டத்தில் பொது நிலத்தின் வடபாதியை மாடு நுழையாதபடி அடைத்துவிடுவார்கள். அங்கே மேய்கிற மாட்டில் பாதி எங்களுடையது. ஆகவே நான் போய் "சிட்டு கத்துது" என்றால் யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரர் ஆல்வினைச் சாட்சிக்குக் கூப்பிடவும் வழியில்லை. டிராக்டர் ஓட்டியே காது மந்தமான மனுஷர், நான் கூப்பிட்டால் மாடுதான் திரும்பிப் பார்க்கும்.

இருந்தும் திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன். மனசுக்குள் வைத்திருந்தால் வெடித்திருப்பேன்.

"வெர்னா, அந்தச் சிட்டு கத்துச்சு. ஒன்பது இடத்துல."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் மாட்டுக்காகப் பேசறே."

"சத்தியமா இல்ல."

"வண்டிய நிறுத்து."

"எதுக்கு? ஊர் இன்னும் ஆறு மைல் இருக்கு."

"நிறுத்துன்னேன்!"

நிறுத்தினேன். மாவுக்கட்டுக் காலோடு இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். சரளைக் கல் ரோடு, கையில் தடி. நான் பின்னாலேயே மாட்டை ஓட்டுவது போல வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். கால் மைல் போனதும் நின்றார். கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கோபம் எனக்கும்தான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே.

மூன்று நாள் நான் எதிலும் ஒழுங்காக நிற்கவில்லை. ரொட்டியைக் கருக்கினேன், கன்றுக்குட்டிக்குப் போட வேண்டிய ஊசியை இரண்டு முறை தேடினேன். நான்காம் நாள் காலை வெர்னா போன் செய்தார். வா என்றார், ஏன் என்று சொல்லவில்லை.

போனால், வீட்டு வாசலில் என் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, கைபேசியை எடுத்தார். அதில் பறவைக் குரல்கள் பதிந்து வைத்திருந்தார். வானம்பாடியைப் போட்டார், தலையாட்டினார். நீள்நகச் சிட்டைப் போட்டார், அதற்கும் தலையாட்டினார். அடுத்ததை அழுத்தினார். வண்டிக்குள் முழுக்க வெட்டுக்கிளிச் சிட்டின் குரல் நிறைந்தது.

வெர்னா கைபேசியை உதறினார். காதருகே வைத்தார். ஒலியைக் கூட்டினார். எனக்குக் காது கூசியது.

"இது ஓடலையேடி. கெட்டுப்போச்சா?"

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கைபேசி திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது, குரல் திரும்பத் திரும்பக் கத்தியது, அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கையை நீட்டி அணைத்தேன். நான் சொன்னது பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம் தோன்றியது.

மறுநாள் நூறு மைல் ஓட்டிப்போய் ஸ்விஃப்ட் கரன்ட் நகரத்தில் காது மருத்துவரிடம் காட்டினோம். மனிதர் பேச்சு அத்தனையும் கேட்கிறது, தாழ்ந்த குரல் பறவைகளும் கேட்கும், ரொம்ப உயர்ந்த சத்தம் மட்டும் அடியோடு போய்விட்டது என்றார். வயதும் பேருந்து எஞ்சினும் சேர்ந்து செய்த வேலையாம்.

"எப்போலேருந்து போச்சு?" வெர்னா அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் தடியோடு நடந்துகொண்டே கேட்டார்.

"அதை எப்படிங்க சொல்றது? கொஞ்சம் கொஞ்சமாத்தான் போயிருக்கும்."

"வருஷம் சொல்லுங்க. எனக்கு வருஷம் வேணும்."

மருத்துவர் கையை விரித்துவிட்டார். கேட்காமல் போன சத்தம் கேட்காமல் போகிறேன் என்று சொல்லிக்கொண்டா போகும்?

அடுத்த வாரம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கே ஆற்றங்கரை ஆய்வு நிலையத்தில் ஜோசெட்டைப் பார்த்தோம். நோட்டுகள் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஜோசெட் முப்பத்தைந்து வயதுப் பெண், நல்லவள், மாடு வளர்ப்பவர்களைக் கண்டால் மட்டும் புருவம் நெறியும். விஷயத்தைக் கேட்டதும் அறிக்கையை மூடி வைத்துவிட்டாள்.

"வெர்னா, கடைசி மூணு வருஷம்தானே சுழியமா இருக்கு? அதை மட்டும் எடுத்துடலாம். மிச்சத்துக்குக் கணக்குப்படி ஒரு திருத்தம் போட்டுக்கலாம். அறிக்கை நிக்கும்."

"அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு சிட்டு இருக்கே. அதுக்கும் முன்னாடி அஞ்சு. அது பறவை குறைஞ்சதா, என் காது குறைஞ்சதா?"

"தெரியாது."

"தெரியாததை எப்படி வச்சுக்குவே?"

ஒவ்வொரு நோட்டாகப் பின்னால் புரட்டிப் போனார். ஒன்றில் நின்றார். அவர் கணவர் நார்மன் இறந்த வருடம். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் எண்ணப் போனவர், இருபதாவது நிறுத்தத்தில் அழுதுகொண்டு நின்றபோது வேலிக்கம்பத்தில் வெட்டுக்கிளிச் சிட்டு ஒன்று ஓயாமல் கத்தியதாம். 'தலைக்கு மேலேயே, சகிக்கவில்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

"நார்மன் போன ஜூன்ல கேட்டேன். அது உறுதி. அதுக்கப்புறம் வந்த எதுக்கும் நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்."

"பன்னிரண்டு வருஷம் வெர்னா!" ஜோசெட் நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். "அதை எடுத்தா என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"நீள்நகச் சிட்டு இருக்கு. அது குறையறது நிஜம். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேக்குது."

அதைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். புதிதாக எண்ணி முடிக்கும்வரை வடபாதிப் பேச்சு இரண்டு வருடத்துக்குத் தள்ளிப்போகும் என்று நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன், மறைக்க மாட்டேன். நீள்நகச் சிட்டும் எங்கள் மாடு மேய்கிற நிலத்தில்தான் இருக்கிறது, அந்தப் பார்வையில் பாதி துள்ளல் அடங்கியது.

பேனாவை வாங்கி, பன்னிரண்டு நோட்டிலும் வெட்டுக்கிளிச் சிட்டு வரியை மட்டும் பக்கம் பக்கமாக அவரே அடித்தார். அன்றைக்குத்தான் வெர்னா ஒரே நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். முடித்ததும், வரைபடத்தில் அந்த வருடங்களுக்கு நேரே என்ன போடுவாய் என்று ஜோசெட்டிடம் கேட்டார்.

"தரவு இல்லைன்னு போடுவோம்."

"அப்படிப் போடாதே. யாரும் போகலைன்னு நினைப்பாங்க. நான் போனேன். 'பறவை பாடியிருக்கலாம், வெர்னா தோர்சனுக்குக் கேட்கவில்லை'ன்னு போடு."

"அப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க வெர்னா."

"நீ எழுது."

ஜோசெட் எழுதினாள். வெர்னா நின்று பார்த்து, தன் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தினார்.

திரும்பும்போது ஒன்பதரை மணி. கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். மேய்ச்சல் நிலத்தை ஒட்டி வரும்போது எங்கள் மாடுகள் புல்லில் தலை கவிழ்ந்து நின்றன. வெர்னா கேட்டார்.

"பாடுதா?"

"பாடுது."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்."

வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. தன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பி, வீடு வரும்வரை அப்படியே வந்தார்.