என் மனைவியின் இத்தாலிக்காரர்

என் மனைவி எட்டு வருஷம் இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். எங்கள் ஊர் இரத்தோட்டைக்குத் திரும்பி வந்தபோது ஃபோனுக்குள் ஒரு ஆம்பளையையும் கொண்டுவந்தாள். இத்தாலி டிவியில் தினமும் சாயங்காலம் நிகழ்ச்சி நடத்துகிறவர். நரைத்த தலை, நீலக் கோட்டு.

அவர் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். சந்தையில் மீன் கூவி விற்றவராம். அந்தக் குரலைக் கேட்டு ரேடியோவுக்குக் கூப்பிட்டார்களாம், அப்புறம் டிவியாம். முப்பது வருஷமாக அதே நிகழ்ச்சியாம். அவர் முழங்காலில் ஆபரேஷன் செய்ததுகூடத் தெரியும். என் முழங்கால் வலிப்பது தெரியாது. அவர் வராத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

எனக்கு வயிறு எரிந்தது. நானும் மைக் பிடிக்கிறவன்தானே! இந்தப் பக்கம் எந்தக் கோயில் திருவிழாவுக்கும் அறிவிப்பு நான்தான். தேர் இழுக்கும்போது என் குரலுக்குத்தான் கூட்டம் நகரும்.

“அப்படி என்னதான் இருக்கு அந்த ஆளுகிட்ட?” என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: “நிகழ்ச்சி தொடங்கும்போது, ‘இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?’ன்னு கேப்பாருங்க. அங்க இருந்த வரைக்கும் என்னை அப்படிக் கேட்டது அவர் மட்டுந்தான்.”

அவள் அங்கே இருந்த எட்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நானும் ஃபோனில் கோல் எடுத்தவன்தான். திருவிழாவில் நான் பேசியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்: “இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?”

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க ஃபோன்ல?”