சுண்ணாம்பு கேட்டுத் திரும்பியவன்

என் குரலை யாராவது புகழ்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. பொன்னாடை போர்த்தி, "சாரீரத்தால் சினிமாவுக்கு வந்தவர்" என்று மைக்கில் முழங்குவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கிழவனுக்குத் தலைக்கனம் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். எழுதட்டும். சினிமாவுக்கு நான் எப்படி வந்தேன் என்பது எனக்குத் தெரியும். அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பேசும்படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. தென்காசியில் தங்கி, சுற்று வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தோம், நானும் என் சிநேகிதனும். எனக்கு ஊர் வாசுதேவநல்லூர். அவன் அச்சன்புதூரில் வயலும் வரப்புமாக வளர்ந்தவன். இருவருக்கும் இருபது வயது, ஒரே அறை, ஒரே பாய். மேடையில் அவன் ராஜா, நான் மந்திரி.

அப்போது மைக் கிடையாது. மண்ணில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறவன்தான் ராஜபார்ட். ஒருவன் நாலு கட்டைக்கு இறங்கிவிட்டான் என்று பேச்சு கிளம்பினால் போதும், பாவூர்சத்திரம் முதல் செங்கோட்டை வரை எந்த நாடகக் காண்ட்ராக்டரும் அவனைக் கூப்பிடமாட்டான். அதனால் சுருதியைக் குறைக்கச் சொல்லி எந்த நடிகனும் தானே போய்க் கேட்பதில்லை. தொண்டை சரியில்லாத நாளில், கூட நடிப்பவனை அனுப்பி, ஆர்மோனியக்காரர் காதில் மட்டும் போடச் சொல்வான். போகிறவனும் வெளியே மூச்சு விடமாட்டான். எங்களுக்குள் இருந்த மரியாதை அது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சாரல் காலத்தில் பாட்டுக்காரர்கள் அருவியில் குளிக்கக்கூடாது. குற்றாலத்துக்கு மூன்று மைல் தள்ளி இருந்துகொண்டு வெந்நீரில் குளித்த பிரகிருதிகள் உலகத்திலேயே நாங்கள்தான். அந்த ஆடி மாதம் என் சிநேகிதனுக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஐந்தருவிக்குப் போய் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் சாயங்காலம், நாங்கள் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போது என் காதருகே குனிந்தான்.

"ஏலே, தொண்ட கட்டிக்கிட்டு. அண்ணாச்சிட்டப் போயி இன்னைக்கு மட்டும் நாலு கட்டையில வைக்கச் சொல்லு. மெட்ராஸ்லேருந்து படக்காரன் வந்து முன்னால இருக்கான். என்னப் பாக்கத்தான் வந்திருக்கான்."

அவனைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆர்மோனியக்கார அண்ணாச்சி மேடை ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, சாதுவான மனுஷர். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"என்னடே?" என்றார்.

வாயைத் திறந்தேன். "கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் டப்பாவை நீட்டினார். விரலில் தொட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். சிநேகிதன் கண்ணாலேயே கேட்டான். "சொல்லிட்டேன்" என்றேன்.

ராஜா திரைக்குள்ளிருந்தே பாடிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஆர்மோனியப் பெட்டி ஐந்து கட்டையில் எழுந்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்த வழியில்லை. அவன் எட்டிப் பிடிக்கப் பார்த்தான். மேலே போகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, வெறும் காற்றாக வந்தது. கேலியாக விசில் பறந்தது. அவன் விடவில்லை, கழுத்து நரம்பு புடைக்க மறுபடி மறுபடி முட்டினான். அப்போது மந்திரி முன்னால் வந்து அந்த அடியை எடுத்துப் பாடினான். கொட்டகை 'ஒன்ஸ்மோர்' கேட்டது. நானும் பாடினேன், வெட்கமில்லாமல், இரண்டு தரம்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று காண்ட்ராக்டர் அவனைத் தேற்றினார். அவன் நேரே ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"நாலு கட்டன்னு சொல்லிவிட்டும் ஏன் இப்படிச் செஞ்சீரு?"

"எங்கிட்ட யாரும் சொல்லலையேடே. இவன் வந்தான், சுண்ணாம்பு கேட்டான், குடுத்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் சொன்னேன் அண்ணாச்சி" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே. முதல் பொய்க்கு ஆசையைச் சாக்குச் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? சிநேகிதன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் ஓங்கினான். அவர் பெட்டியை மூடினார். அதற்குப் பிறகு அவரைப் பெட்டி வாசிக்க யாரும் கூப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

சிநேகிதனுக்குப் போன குரல் திரும்பவில்லை. நான் அந்தப் படக்காரர்களோடு மெட்ராஸ் போனேன்.

பிறகு 1940களின் கடைசியில், நாலு பேர் அடையாளம் கண்டுகொள்ளும் நடிகனாக, படப்பிடிப்புக்குக் குற்றாலம் வந்தேன். பேரருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கரகரத்த குரலில் "ஏலே மந்திரி!" என்று கூப்பிட்டான். அவனேதான். மறுக்க மறுக்க என்னைப் பலகையில் உட்கார வைத்து எண்ணெயை ஊற்றினான். கை இரும்பாக இருந்தது, ஆனாலும் பதமாகத் தேய்த்தான்.

"இப்பம் படத்துல நீதான பாடுத?"

"இல்லலே. வேற ஒருத்தர் பாடுதாரு. நான் வாய அசைக்கேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "வாய அசைக்கவா? அத நானும் அசைச்சிருப்பேனே! சரி போ, நீயாவது நல்லாருக்கியே. அன்னைக்கு எனக்காகப் போயிச் சொன்னவன்லா நீ."

அதற்கு மேல் என்னால் மறைத்துவைக்க முடியவில்லை. "நான் சொல்லலலே" என்றேன். "சுண்ணாம்பு வாங்கிட்டு வந்துட்டேன். அண்ணாச்சி சொன்னதுதான் நெசம்."

முதுகில் கை நின்றது. அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

"அவரு இப்பம் எங்கன இருக்காரு?" என்று கேட்டான்.

"போயிச் சேந்துட்டாராம். நாலு வருசமாச்சு."

"நான் அவருக்குச் செருப்பத் தூக்குனேனே" என்றான். "அப்பன் மாதிரி மனுசனுக்குச் செருப்பத் தூக்குனேனே லே."

எண்ணெய்க் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். தன் தொண்டைக்காக ஒரு சொட்டுக்கூட அழவில்லை. என்னைத் திட்டவுமில்லை. பாரத்தை இறக்கி வைக்கத்தான் சொன்னேன். அது அவன் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்தி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து "நீங்க வாங்க அண்ணாச்சி" என்றான். பலகையை விட்டு எழுந்தேன். எனக்குப் பாதி முதுகுதான் தேய்த்திருந்தான்.