நூடில்ஸுக்கு அடியில்

ரொறன்ரோவில் சின்னச் சீனக் கடை. நல்ல கூட்டம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் இருத்துகிறார்கள். ஒஷாவா பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது. வான்டன் சூப் வருகிறது. கோப்பை நிறைய நூடில்ஸ். மாவுக்குள் இறால் அடைத்த வான்டன் ஒன்றையும் காணவில்லை. போட மறந்துவிட்டார்கள் என்று கோப்பையோடு எழும்புகிறேன்.

எதிரே சாப்பிடும் தமிழ் டாக்சிக்காரர் மறிக்கிறார்.

"இருங்கோ அண்ணை. கரண்டியை அடியிலை விடுங்கோ. நூடில்ஸ் அடியிலை கிடந்தா சூப்பிலை ஊறிப்போகும் எண்டு உவை வான்டனைக் கீழைதான் வைப்பினம்."

கிண்டுகிறேன். ஐந்து கிடக்கின்றன.

"நீங்களும் முதல்நாள் எழும்பினீங்களோ?"

"எழும்பினதோ? சண்டையே பிடிச்சனான்!"

இருவரும் சிரிக்கிறோம். வாய் வெந்தாலும் ஐந்தையும் முடித்த பிறகே எழும்புகிறேன். பஸ் போய்விட்டது. போகட்டும்.