ஆமி லொறிக்குப் பப்பாசி நிறம்

வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: என்ஜின் திருத்துகிறவருக்கு யாரும் யோசனை சொல்லமாட்டார்கள், எங்களுக்கோ ரோட்டால் போகிறவனும் சைக்கிளை நிறுத்தி நிறம் சொல்லிவிட்டுப் போவான். தையல்காரர்களே, சமையல்காரர்களே, உங்களுக்கு இந்த வேதனை விளங்கும்.

கட்டியிழுத்து வந்த விருந்தாளி

கிண்ணியா ரபீக் நாநா மீன் வியாபாரி. அவருடைய சின்ன லொறி இலங்கைத்துறைக் கரை மணலில் புதைந்து புதைந்தே ஆயுளை முடித்துக்கொண்டது. கையிலிருந்ததையெல்லாம் போட்டு, ஆமி கழித்துவிட்ட ஒரு பெரிய பச்சை லொறியை ஏலத்தில் எடுத்து, கப்பல்துறையில் என் கராஜுக்குக் கட்டியிழுத்து வந்தார். நிறம் மாற்றாமல் ரோட்டில் ஓட ஏலாது என்பது சட்டம். ஆனால் நாநாவுக்குப் பயம் சட்டத்தில் இல்லை. சண்டைக் காலத்தில் அந்தக் கரைக்கு அந்த உருவத்து லொறிகள் வந்ததைச் சனம் இன்னும் மறக்கவில்லை.

லொறியை ஒருதரம் சுற்றி வந்து சொன்னார்: "பாஸ், இதக் கண்டு சனம் கதவச் சாத்தினா நான் முடிஞ்சன். மீன் பெட்டியோட வெளிய வரணும். அப்பிடி ஒரு நிறம் அடிச்சுத் தாங்க."

எல்லா நிறத்துக்கும் ஆள் உண்டு

திருகோணமலையில் நிறம் தேடுவது காணி தேடுவதைவிடக் கஷ்டம். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். சாம்பல் நேவிக்கு. நீலம் விமானப்படைக்கு. சிவப்பு அடித்தால் பஸ் என்று கைகாட்டி மறிப்பார்கள். மஞ்சள் அடித்தால் ரோட்டுப் போடுகிற மெசின். வெள்ளை அடித்தாலோ நிவாரணம் வந்துவிட்டதென்று வரிசையில் நிற்பார்கள், நாநா மீனுக்குக் கொண்டுபோகிற ஐஸைச் சும்மா கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

நான் யோசித்தேன். அந்தப் பச்சை, கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே அடித்தது. மீன் லொறியோ கடலில் தோணியில் நிற்கிறவன் கண்ணிலும் படவேண்டும். மஞ்சளில் கொஞ்சம் சிவப்பும் துளி வெள்ளையும் கலந்து, பழுத்த பப்பாசியின் உட்சதை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு தகரத்தில் அடித்து மதிலில் சாத்திவிட்டு, தெருவைத் தாண்டிப்போய் நின்று பார்த்தேன். நெருப்பாய் எரிந்தது நிறம்! தேத்தண்ணி கொண்டு வந்த என் மனைவி தகரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த நிறத்தில ஒருத்தரும் சண்டைக்குப் போக ஏலாதப்பா."

சுரண்டினால்தான் தெரியும்

ஆமிப் பெயின்றில் மினுக்கம் இராது. சுண்ணாம்பு மாதிரித் தூளாக வரும். அதற்கு மேலே அடித்தால் முதல் மாரிக்கே செதில் செதிலாக உரிந்து, பழைய ஆள் எட்டிப் பார்ப்பார். ஆகவே நானும் என்னோடு வேலை செய்கிற செல்வமும் தகரம் தெரியச் சுரண்டினோம். ஒரு பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்கும் கீழே மண் நிறம். கதவிலிருந்த இலக்கம் மட்டும் போவேனா என்று நின்றது. அதை நானே கையால் தேய்த்தேன்.

வெளிப்பக்கம் சுரண்டி முடிந்ததும் செல்வம் சாமான்களைக் கழுவப் போய்விட்டான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. கதவின் உட்பக்கம், சீற்றுக்குக் கீழே, லொறிப் பெட்டியின் அடிப்பக்கம் எல்லாம் பச்சை அப்படியே கிடந்தது. "மேலே குளிச்சிட்டுக் கீழே கழுவாமல் போறியா?" என்று ஏசி, அவனையும் இழுத்துக்கொண்டு லொறிக்கு அடியில் படுத்தேன். கண்ணெல்லாம் தூள். செல்வம் மல்லாந்து கிடந்தபடியே கேட்டான்: "பாஸ், இந்த அடியை ஆர் குனிஞ்சு பாக்கப் போறான்?"

பழைய சொந்தக்காரர்

பப்பாசி நிறம் அடித்து முடித்த அன்று, பக்கத்துக் கடைக்கு ரயர் ஒட்ட வந்த ஒரு ஆமிப் பெடியன் லொறியைக் கண்டு உள்ளே வந்தான். செல்வமும் நானும் எழும்பி நின்றோம். அவன் கதவைத் தடவி, கண்ணாடியில் முகம் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "எங்கட லொறிக்கு நல்ல உடுப்பு, பாஸ்."

இலங்கைத்துறையில் ஒரு காலை

முதல் பயணத்துக்கு நானும் ஏறிப் போனேன். ஊர் நெருங்கும்போதுதான் உறைத்தது: நிறத்தை மாற்றினேன், என்ஜினின் உறுமலை மாற்ற என்னால் முடியவில்லை. எங்களைக் காண முன்னமே சத்தம் போய்விட்டது. கதவுகள் சாத்தப்பட்டன. கரையில் லொறியை நிறுத்திய நாநாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த புஸ்பம் அக்கா மட்டும் போகவில்லை. நாநாவின் பழைய லொறிக்கு வழக்கமாக மீன் கொடுக்கிறவர். ஆனாலும் நாநாவிடம் வராமல் நேரே லொறியிடம் போனார். லொறியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தார். சீற்றைத் தூக்கினார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, முழங்காலிட்டு, குனிந்து அடியில் பார்த்தார். எழும்பி மணலைத் தட்டிவிட்டு, வீடுகளைப் பார்த்துக் கத்தினார்: "பிள்ளையள், வெளிய வாங்கோ! மேலயும் கீழயும் பாத்திட்டன், மருந்துக்கும் பச்சை இல்ல. இது எங்கட நாநாட மீன் லொறிதான்!"

அன்று லொறி மீன் நிறையத் திரும்பியது, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன் சீற்றில் இருந்தேன். பெயின்ற் அடிக்கிறவனுக்கு யோசனை சொல்ல ஊரே இருக்கிறது, குனிந்து பார்க்க ஒருத்தி வந்தால் போதும்.