அடுப்புக்குப் பின்னால் நாலு அடி

என் அக்கா கமலவல்லி ஸ்ரீரங்கத்தில் ஒரே சுவரைப் பார்த்தபடி இருபத்தெட்டு வருஷம் சமைத்தாள். நகை கேட்டாளா, பட்டுப்புடவை கேட்டாளா? அந்தச் சுவரில், அடுப்புக்குப் பின்னால் நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டித் தரச் சொன்னாள். அவ்வளவுதான்.

அது சுண்ணாம்புச் சுவர். விறகடுப்பின் சூட்டில் காறை பொரிந்து நேராகப் பாத்திரத்துக்குள் உதிரும். மற்ற வீடுகளில் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இங்கே சமைப்பது பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப்பண்ணுகிற தளிகை ஆயிற்றே! ஒரு துளி காறை விழுந்தாலும் அத்தனையையும் கொட்டிவிட்டு, மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டு, மடிப்புடவையைச் சுற்றிக்கொண்டு, அரிசி களைவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மார்கழியில் ஒரே காலையில் மூன்று முறை குளித்திருக்கிறாள். அக்காவின் கணவர், அத்திம்பேர் சௌரிராஜன், கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "பாத்துப் பண்ணப்படாதோ?" சுவர் உதிர்வதை எப்படிப் பார்த்துப் பண்ணுவது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

எழுபத்து நாலில் அக்கா புத்தூரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அடைக்கலராஜின் டைல்ஸ் கடைக்குப் போனோம். அக்கா இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். மஞ்சள்பொடி, எண்ணெய் விட்டுக் குழைத்தது. கடைக்காரர் திகைத்துப் போனார். அவள் வெள்ளை, காவி, வெளிர்பச்சை என்று எல்லாவற்றிலும் தடவி, கால் மணி காத்திருந்து, துணியால் துடைத்துப் பார்த்தாள். மினுமினுப்பு இல்லாத காவி மஞ்சளைக் குடித்துவிட்டது. வெள்ளையில் விளிம்போரம் கறை தங்கிற்று. வாழைக்குருத்து நிறப் பச்சை மட்டும் அப்படியே பளிச்சென்று நின்றது.

"இத்தனை வருஷத்துல இப்படிப் பாத்து எடுத்தவங்க யாருமில்லம்மா," என்று கடைக்காரர் அந்தப் பச்சையில் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அத்திம்பேர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "பீங்கானா? எலும்பைப் பொடி பண்ணின்னா போடறான்! பெருமாள் தளிகை ஆற இடத்துல அதையா ஒட்டறது?" களிமண்தான் என்று கடைக்காரர் சொன்னதை அக்கா சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. கடப்பாக்கல் என்றாள்; கறுப்பு ஆகாது என்றார். பெயின்ட் என்றாள், அதில் என்ன கொழுப்போ என்றார். சுண்ணாம்புதான் சுத்தமாம். இத்தனை ஆசாரம் பார்த்தவர் ரயில்வே ஆபீஸ் கேன்டீனில் பீங்கான் கோப்பையில்தான் காபி குடித்தார். கேட்டால், அது வெளியிலேயாம். அக்கா டைல்ஸைப் பேப்பரில் சுற்றித் தன் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. அக்கா பிள்ளை சேஷுவுக்குத் தில்லை நகரில் பெண் நிச்சயமாயிற்று. வைஜயந்தி, பாங்க் ஆபீசர் பெண். வீடு பார்க்க வந்த சம்பந்தி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்; நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். "கேஸுக்கு ஒரு மேடை கட்டி, சுவத்துல டைல்ஸ் ஒட்டிட்டாத் தேவலை," என்றார்.

"பேஷா! இப்போ எல்லார் ஆத்துலயும் அதானே?" என்றார் அத்திம்பேர்.

அக்கா வாயைத் திறந்தாள். "ஏன்னா, அதுல எலும்பு இருக்கும்னேளே?"

அத்திம்பேர் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார். "இவ பழைய காலத்து மனுஷி. டைல்ஸுன்னாலே ஆகாது இவளுக்கு. நீங்க தப்பா எடுத்துக்காதேங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். "சேஷு கல்யாணம்டி. சும்மா இரு," என்றாள் காதோடு. நானும் சும்மா இருந்து தொலைத்தேன்.

கல்யாணம் முடிந்து அடுத்த மார்கழியில், கூடாரவல்லி அன்று போனேன். சமையலறை அடையாளமே தெரியவில்லை. கேஸ் மேடைக்கு மேலே சுவர் முழுக்க ரோஸ் நிற டைல்ஸ். மூலையில் மட்டும், பெருமாள் தளிகைக்கான விறகடுப்புக்குப் பின்னால், நாலு அடிக்கு அதே சுண்ணாம்பு.

வைஜயந்தி நல்ல பெண்; மாமியாரை அம்மா, மாமனாரை அப்பா என்றே கூப்பிடுவாள். அவளே பெருமையாகச் சொன்னாள்: "அம்மாக்கு ஆகாதுன்னு அப்பா சொன்னா. அவா மனசு கோணப்படாதேன்னு நான்தான் கொத்தனார்கிட்ட அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன், சித்தி."

அவளை என்ன சொல்வது? அக்காவைப் பார்த்தேன். அவள் அடுப்புக்கு முன்னால் குனிந்து அக்காரவடிசலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நெய் விடப்போகிற நேரம். சுவரிலிருந்து ஒரு சில்லு பொரிந்து பானைக்குள் விழுந்தது. அவள் கை நின்றது.

"என்ன, விழுந்துடுத்தா?" என்றார் அத்திம்பேர் கூடத்திலிருந்து.

"ஆமாம்."

"டைல்ஸ் வேண்டாம்னு நீதானேடி பிடிவாதம் பிடிச்சே? இப்ப அனுபவி."

கேலியாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று மனதார நம்பிச் சொன்னார். அக்கா பானையை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள்.